பழைய வீட்டின் சுடுதண்ணீர்க் குழாயில் வால்வு பழுதானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டைச் சூடாக்குவதற்கென்று யாரும் கருவி வைப்பதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் வீட்டைக் குளிர வைப்பதே நமக்குப் பெரும்பாடு. ஆயினும் மார்கழி விடியலில் குளிப்பதற்கு மட்டும் சுடுதண்ணீர் தேவைப்படுகிறது. திருநகரிலும் எஸ்.எஸ். காலனியிலும் அண்ணா நகரிலும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில், சுவருக்குள் பழைய இரும்புக் குழாய் அப்படியே இருக்க, மொட்டை மாடியில் பிற்காலத்தில் ஒரு சோலார் ஹீட்டரும் குளியலறையில் ஒரு கீசரும் சேர்க்கப்பட்டிருக்கும். பழையதும் புதியதும் சேரும் இடங்களில்தான் வால்வுகள் இருக்கின்றன. பழுதும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. என் தந்தையார் கட்டிய வீட்டில் இந்த வால்வுகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் கற்றதையும், உறவினரும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை வால்வுகள் இருக்கும்? எது எங்கே இருக்கும்?

பதில்: கூரைத் தொட்டியிலிருந்து சோலார் டேங்குக்குக் குளிர்ந்த நீர் இறங்கும் குழாயில் ஒரு கேட் வால்வு இருக்கும். அதை அடுத்து, தண்ணீர் ஒரு திசையில் மட்டும் போக விடும் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு இருக்கும். பல பழைய வீடுகளில் இது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. டேங்கின் மேற்பகுதியிலிருந்து சுடுதண்ணீர் வெளியேறும் குழாயில் இன்னொரு கேட் வால்வும், அடியில் டேங்கைக் காலி செய்வதற்கு ஒரு வடிகால் வால்வும் இருக்கும். கீசருக்குள் தண்ணீர் நுழையும் முனையில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். குளியலறைச் சுவரிலுள்ள மிக்ஸர் குழாயையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இரண்டு வால்வுகள் கூடும் இடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குச் சென்று ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் ஓர் எண் எழுதி வைத்தால், பழுது வரும் நாளில் அரை மணி நேரம் மிச்சமாகும்.

கேள்வி: சுடுதண்ணீர் வரவில்லை. பழுது ஹீட்டரிலா, வால்விலா?

பதில்: கருவிகளை எடுப்பதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல வெயில் அடித்த நாளில் மாலை 4 மணிக்கு, கீழே ஒருவரைச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு, நீங்கள் மாடியில் நில்லுங்கள். டேங்கிலிருந்து சுடுதண்ணீர் வெளியேறும் குழாயைப் புறங்கையால் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். உள்ளங்கையால் பிடித்தால் கொப்புளம் நிச்சயம். வால்வுக்கு முன்னால் குழாய் கொதித்து, வால்வைத் தாண்டியதும் குளிர்ந்திருந்தால் அந்த வால்வு திறக்கவில்லை என்று பொருள். இருபுறமும் சூடாக இருந்தும் கீழே தண்ணீர் நூல்போல் விழுந்தால், உள்ளே உப்புப் படிந்து வழி குறுகியிருக்கிறது. டேங்கை விட்டு வெளியேறும் இடத்திலேயே குழாய் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால், கண்ணாடிக் குழல்களில் குறையா, இரவில் சூடு கசிந்து போகிறதா என்று தேட வேண்டும். அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஹீட்டரைக் குறைகூறிப் புதிதாக வாங்கியவர்களில் சிலர் அதையும் அதே கசிவோடு பொருத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கேட் வால்வின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. ஏன்?

பதில்: கேட் வால்வுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றினால், ஸ்பிண்டில் என்னும் தண்டு அந்தத் தகட்டைத் தூக்கும். பித்தளைத் தண்டு நெடுநாள் சூடான உப்புத் தண்ணீரில் கிடந்தால், பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறிவிடுகிறது; மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. தண்டு தகட்டைப் பிடித்திருக்கும் கழுத்து அப்போது உடைந்து, தகடு கீழேயே தங்கிவிடும், தண்டு மட்டும் சுற்றும். கழற்றிப் பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். நகத்தால் கீறினாலே துகள் உதிரும்.

இதைச் சரிசெய்ய முயல்வதில் பயனில்லை. வால்வை மாற்றிவிடுவதே வழி. மாற்றும்போது, உள்ளே துளையிட்ட உருண்டை வைத்து, கால் சுற்றில் திறந்து மூடும் பித்தளைப் பால் வால்வைப் போடுவதே நல்லது என்பது என் கருத்து. கைப்பிடி குழாயின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. எட்டி நின்றே தெரிந்துகொள்ளலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் பால் வால்வைக் குளிர்ந்த நீருக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுடுதண்ணீருக்கு வேண்டாம்.

கேள்வி: சக்கரத்தின் அடியில், தண்டைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. இதற்கும் வால்வை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தாமே செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் இதுவே எளிதானது. தண்டைச் சுற்றியுள்ள சிறிய அறுகோண நட்டுக்குக் கிளாண்ட் நட் என்று பெயர். முதலில் அதை ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். பாதிக் கசிவுகள் அங்கேயே நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் உள்ளிருக்கும் அடைப்பு நூல் மக்கிவிட்டது. மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தி, கீழே ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வடித்துவிட்டு, சக்கரத்தை எடுங்கள். கிளாண்ட் நட்டைத் தண்டின் வழியே மேலே உருவுங்கள். உள்ளே கறுப்பாக, பழைய திரிபோல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கோணி ஊசியின் முனையால் அதைச் சுரண்டி முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். மிச்சம் வைத்து அதன்மேல் புதியதைச் சுற்றினால் மூன்று மாதத்தில் மறுபடியும் கசியும். ஹார்டுவேர் கடையில் கிராஃபைட் தடவிய கயிறு கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் டெஃப்லான் டேப்பை நீளமாக இழுத்து, விளக்குத்திரி திரிப்பதுபோல் விரல்களுக்கிடையே முறுக்கிக் கயிறாக்கிக்கொள்ளலாம். நட் இறுகும் திசையிலேயே, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வையுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் நட்டை இறுக்க இறுக்கக் கயிறு பிரிந்து வெளியே வரும். பிறகு நட்டை விரலால் இறுகும் மட்டும் திருகி, அதற்குமேல் ஸ்பேனரால் அரைச் சுற்று கொடுங்கள். சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்க்கும்போது சிறிது கனமாக, ஆனால் சிக்காமல் சுற்ற வேண்டும்.

கேள்வி: வால்வு இறுகிவிட்டது, அசையவே இல்லை. பைப் ரெஞ்சால் திருகலாமா?

பதில்: சக்கரத்தில் ரெஞ்சைப் போடாதீர்கள். நான் போட்டேன். கையால் அசையாத சக்கரத்துக்கு ஓரடி நீள ரெஞ்சை மாட்டி, அது போதாதென்று ரெஞ்சின் பிடியில் ஒரு குழாயையும் செருகி இழுத்தேன். வால்வு அசையவில்லை, அது பொருத்தப்பட்டிருந்த, நிப்பிள் எனப்படும் சிறு இரும்பு இணைப்புக் குழாய், சுவருக்கு இரண்டு அங்குலம் உள்ளே மரை ஓரத்தில் முறிந்தது. நூறு ரூபாய் வேலை, டைல்ஸை உடைத்து, கொத்தனாரை அழைத்து, சுவரைப் பூசி முடிக்கும் வேலையாகிவிட்டது. ஜி.ஐ. எனப்படும், துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாயில் மரை வெட்டிய இடமே மிகவும் மெலிந்த இடம். துருவும் முதலில் அங்கேதான் பிடிக்கும்.

சரியான முறை பொறுமையானது. கந்தல் துணியை வால்வின்மேல் சுற்றி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். தண்டின் மரையில் துருநீக்கும் எண்ணெயைச் சொட்டு விட்டு ஓர் இரவு விட்டுவையுங்கள். மறுநாள் வால்வின் உடலை ஒரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை மறு கையால் மூடும் பக்கமாகச் சிறிது, திறக்கும் பக்கமாகச் சிறிது என்று மாற்றி மாற்றி அசையுங்கள். அரைக்கால் சுற்று அசைந்துவிட்டால் மீதி தானே வரும். அசையாவிட்டால் அந்த வால்வைத் தொடாமல், அதற்கு முன்னுள்ள குழாயை அறுத்துப் புதிய வால்வு வைப்பதே செலவு குறைந்த வழி.

கேள்வி: மாடியில் சோலார் டேங்கின் வால்வை மாற்றுவதற்கு எந்த நேரம் ஏற்றது?

பதில்: சூரியன் ஏறுவதற்கு முன். இது வசதிக்காகச் சொல்வதன்று. இரட்டைக் கண்ணாடிச் சுவரும் நடுவே வெற்றிடமும் கொண்ட குழல்களில் தண்ணீர் இல்லாமல் வெயில் பட்டால், உட்சுவரின் வெப்பம் 200 டிகிரியையும் தாண்டும். நண்பகலில் வேலையை முடித்துவிட்டுக் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டால் குழல் படீரென்று வெடிக்கும். விடியலில் தொடங்க முடியாவிட்டால், சாயங்காலம் வெயில் தாழ்ந்து குழல்கள் ஆறிய பிறகு தொடங்குங்கள். பகலில் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால், முந்தைய இரவே தார்ப்பாயோ ஈரச் சாக்கோ போட்டுக் குழல்களை மூடிவையுங்கள்.

கீசரின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்பலகையில் அதற்குரிய எம்.சி.பி. என்னும் மின்துண்டிப்பு சுவிட்சையும் கீழே தள்ளிவிடுங்கள். டேங்க் காலியாக இருப்பது தெரியாமல் குளியலறையில் யாராவது கீசரைப் போட்டுவிட்டால், நீரில்லாத ஹீட்டர் சுருள் நிமிடங்களில் எரிந்துபோகும்.

கேள்வி: வால்வை மாற்றும் முறையைச் சொல்ல முடியுமா?

பதில்: கூரைத் தொட்டியின் கீழுள்ள வால்வை மூடிவிட்டு, சோலார் டேங்கின் வடிகாலைத் திறந்து, நீர்மட்டம் நீங்கள் கழற்றப்போகும் குழாய்க்குக் கீழே இறங்கும்வரை வடியுங்கள். அந்தத் தண்ணீர் முந்தைய நாள் வெயிலில் சூடாகியிருக்கும். 60 டிகிரியில் இருந்தால் சில விநாடிகளிலேயே தோலை வேக வைத்துவிடும். ஆகையால் வடிகால் வாயில் ஒரு ஹோஸ் மாட்டி, மாடியின் தண்ணீர் போக்கி வாய் வரை விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குழந்தைகளை மாடிக்கு வரவிடாதீர்கள்.

வால்வின் அருகில் யூனியன், அதாவது குழாயைத் திருகாமலே பிரித்துச் சேர்க்க உதவும் இணைப்பு, இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல. யூனியனைப் பிரித்து, ஒரு ரெஞ்சால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ரெஞ்சால் வால்வைத் திருகி எடுக்க வேண்டும். ஒரே ரெஞ்சால் செய்யும் பிளம்பரைக் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் திருப்புவது வால்வை மட்டுமல்ல, சுவருக்குள்ளிருக்கும் ஒவ்வோர் இணைப்பையும். யூனியன் இல்லாவிட்டால், இப்போதே ஒன்று வைத்துவிடுங்கள்.

பழைய மரையைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேய்த்துச் சுத்தம் செய்த பின், டெஃப்லான் டேப்பைக் கடிகார முள்ளின் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். பழைய இரும்பு மரை தேய்ந்திருந்தால் டேப்பைவிடச் சணல் நன்றாக நிரப்பும். சணல்மேல் பூசும் பசையைச் சிறிது தடவினால் போதும். பித்தளை வால்வை அளவுக்குமீறி இறுக்கினால் வாய்ப்பகுதியில் மயிரிழைபோல் விரிசல் விழும், அது முதல் நாளில் தெரியாது, வாரம் கழித்துக் கசியும். என்.ஆர்.வி.யாக இருந்தால் அதன் உடலில் பொறித்த அம்புக்குறி டேங்கை நோக்கி இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்.

நிரப்பும்போது அவசரம் வேண்டாம். கீழே சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, மேலே வால்வைச் சிறிது சிறிதாகத் திறங்கள். குழாய் இருமும், துப்பும், பிறகு சீராக விழும். சீராக விழுந்த பிறகே மூடுங்கள்.

கேள்வி: வால்வை மாற்றிய பின் சுடுதண்ணீரே வரவில்லை. புது வால்வும் கெட்டதா?

பதில்: பெரும்பாலும் காற்றடைப்பு. குழாய் எங்கேனும் மேலே ஏறி இறங்கினால் அந்த வளைவில் காற்று தங்கிவிடும். கூரைத் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் குறைவு. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ என்பது கணக்கு, நம் வீட்டுத் தொட்டியோ குழாய்க்கு மேல் மூன்று மீட்டரில் இருக்கும். அவ்வளவு சிறிய அழுத்தத்தால் காற்றுக் குமிழைத் தள்ள முடியாது. குளியலறை மிக்ஸரில் சுடுதண்ணீர், குளிர்நீர் இரண்டு பிடிகளையும் திறந்து, தண்ணீர் விழும் வாயை உள்ளங்கையால் இறுக அடைத்துக்கொள்ளுங்கள். வெளியேற வழியில்லாத குளிர்நீர், சுடுதண்ணீர்க் குழாய்க்குள் பின்னோக்கி ஏறிக் காற்றை மேலே தள்ளிவிடும். அரை நிமிடம் பிடித்து விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் வழி திறக்கும்.

கேள்வி: மாலையில் கொதிக்கும் தண்ணீர் விடிவதற்குள் ஆறிவிடுகிறது. கூரைத் தொட்டித் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

பதில்: மேலே சொல்வதாகச் சொன்ன கசிவு இதுதான். இதற்கு இரண்டு வாசல்கள் உண்டு.

முதல் வாசல், டேங்குக்குக் குளிர்நீர் வரும் வழி. சூடான நீர் இலேசானது, மேலே ஏறும். என்.ஆர்.வி. இல்லாவிட்டாலோ, அதன் தகட்டுக்கும், அந்தத் தகடு அமர்ந்து மூடும் இருக்கைக்கும் இடையே ஓர் உப்புத்துகள் சிக்கிக்கொண்டாலோ, சோலார் டேங்கின் சூடு இரவெல்லாம் கூரைத் தொட்டிக்கு ஏறிக்கொண்டே இருக்கும். யாரும் தண்ணீர் பயன்படுத்தாத பின்னிரவில் அந்தக் குளிர்நீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். டேங்கை ஒட்டி ஓரடி மட்டும் சூடாக இருந்தால் அது உலோகத்தின் வழியே பரவிய சூடு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். கூரைத் தொட்டியின் அடிவரை சூடாக இருந்தால் என்.ஆர்.வி. கெட்டிருக்கிறது. மாற்றும்போது சுருள்வில் வைத்த வகையைத் தவிருங்கள்; அந்த வில்லைத் தள்ளித் திறக்கவே நம் கூரைத் தொட்டியின் அழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிவிடும். ஊசலாடும் தகடு வைத்த வகையே இங்கே பொருந்தும். அதைப் படுக்கையாகவோ, நீர் மேல்நோக்கிப் போகும் இடத்தில் நிமிர்த்தோதான் வைக்க வேண்டும். சில பழைய வீடுகளில் என்.ஆர்.வி.க்குப் பதிலாகக் குழாயையே டேங்குக்குக் கீழே இரண்டடி இறக்கி மீண்டும் ஏற்றியிருப்பார்கள். அதைப் பார்த்து, வேலை தெரியாதவன் வளைத்துவிட்டான் என்று நேராக்கிவிடாதீர்கள். சூடான நீர் கீழே இறங்கிப் போகாது என்பதைத் தெரிந்தே அந்த வளைவைப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வாசல் குளியலறை மிக்ஸர். இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. மிக்ஸரின் இரு பிடிகளையும் திறந்து வைத்துவிட்டு, ஷவரின் முனையிலோ கைக்குழாயின் முனையிலோ மட்டும் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், உள்ளே குளிர்நீரும் சுடுதண்ணீரும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டே இருக்கும்; அழுத்தம் மிகுந்தது மற்றதன் குழாய்க்குள் நுழையும். அடுப்படிக் குழாயில் குளிர்நீரைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்ற புகாரின் மூலமும் பெரும்பாலும் இதுதான். எங்கள் வீட்டில் சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கியிருந்த வாரத்தில், மே மாத வெயிலிலும் இரவுக்குள் டேங்க் ஆறியது. காரணம், மாடிக் குளியலறையில் விருந்தினர் ஒருவர் கைக்குழாயை மட்டும் மூடிவிட்டுப் போனதே. இதற்குச் செலவில்லாத வைத்தியம் இரு பிடிகளையும் மூடுவது. நிலையான வைத்தியம் மிக்ஸருக்கு வரும் இரு குழாய்களிலும் ஒருவழி வால்வு வைப்பது.

கேள்வி: கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

பதில்: எக்காரணத்தைக் கொண்டும் அடைக்கக் கூடாது.

தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடேறும் 25 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 400 மில்லி கூடுதல் இடம் கேட்கிறது. இரண்டு தம்ளர் அளவு. பாதுகாப்பு வால்விலுள்ள ஒருவழித் தகடு அந்தத் தண்ணீரைத் திரும்பிப் போக விடாது. ஆகவே அது சொட்டாக வெளியே வருகிறது. கீசர் எரியும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது; கீழே ஒரு சிறு குழாய் மாட்டி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள். கீசர் அணைந்த பின்னும், நாள் முழுவதும் சொட்டினால், இருக்கையில் உப்பு படிந்திருக்கிறது. அதன் சிறு நெம்பை இரண்டு மூன்று விநாடி தூக்கி விட்டால் துகள் அடித்துக்கொண்டு போகலாம். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் கீசரின் தகட்டில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு ஏற்ற புதிய வால்வை வாங்கி மாட்ட வேண்டும்.

இதில் நானும் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். தரை ஈரமாகிறது என்ற நச்சரிப்பைத் தாங்காமல், வேலைக்கு வந்தவர் சொன்னதைக் கேட்டு, சொட்டும் வாயில் ஒரு மூடியைப் போட்டு இறுக்கினேன். சில மாதங்களில் கீசரின் உள்தொட்டி உப்பி, பற்றவைத்த ஓரத்தில் பிளந்தது. சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்ததால் தண்ணீர் மட்டும் கொட்டியது. அதுவும் அன்று பழுதாகியிருந்தால் உள்ளே நீராவி சேர்ந்து கீசரே வெடித்திருக்கும். மிகப் பழைய கீசர்களில் பாதுகாப்பு வால்வோடு, மிகையான சூட்டில் உருகி வழிவிடும் ஈயக் குமிழ் ஒன்றும் உண்டு. அது உருகியிருந்தால் அந்த இடத்தில் சாதாரண போல்ட்டை முடுக்கிவிட்டுப் போகும் ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: சோலார் டேங்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் வழிகிறது. அதற்கு மூடி போடலாமா?

பதில்: இதற்கும் அதே பதில்தான். அது டேங்க் மூச்சுவிடும் குழாய். கீழே தண்ணீரைத் திறக்கும்போது அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். அது அடைபட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி, டேங்கின் மெல்லிய உள்தகடு காலியான எண்ணெய்த் தகரம்போல் நசுங்கிவிடும். வழிவதற்குக் காரணம், அந்தக் குழாயின் முனை கூரைத் தொட்டியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதே. குழாயை அந்த நீர்மட்டத்துக்கு மேல் ஓரடி நீட்டி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் சரியாகும். குளவி அதில் மண்கூடு கட்டுவது நம் பக்கத்தில் வழக்கம். முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைத் தளர்வாகக் கட்டி வையுங்கள்.

கேள்வி: மதுரைத் தண்ணீருக்கும் வால்வு பழுதுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. மாநகராட்சிக் குழாயில் வரும் வைகைத் தண்ணீரை மட்டும் ஏற்றும் வீட்டில் வால்வுகள் நெடுநாள் உழைக்கும். போர் தண்ணீர் அப்படியன்று. இங்கே பூமிக்கடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கிய நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுதி. குளிர்ந்த நீரில் கரைந்தே இருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏறப் பிரிந்து வெள்ளைப் பாறைபோல் படியும். 60 டிகிரிக்கு மேல் இன்னும் விரைவாக. சட்டியில் வெந்நீர் வைத்தால் அடியில் வெள்ளை ஒட்டுவதைப் பார்க்காதவர் யார்? அதே வெள்ளைதான் வால்வின் இருக்கையிலும் படிகிறது.

கழற்றிய பித்தளைப் பாகத்தை வினிகரிலோ, எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரிலோ ஓர் இரவு ஊற வைத்தால் படிவு பொரிந்து விழும். பித்தளைக் குடத்தைப் புளி வைத்துத் தேய்த்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று. கழிப்பறை ஆசிட்டை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள். அது படிவோடு பித்தளையையும் தின்றுவிடும். சோலாருக்கும் கீசருக்கும் வைகைத் தண்ணீரையும் மற்ற வேலைகளுக்குப் போர் தண்ணீரையும் விடுமாறு இரண்டு தொட்டிகள் வைக்க முடிந்தவர்கள், வேறு எதையும் செய்யாமலேயே பாதிப் பழுதுகளைத் தவிர்த்துவிடலாம். எல்லா வால்வுகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் மூடித் திறந்தால் இறுகாமல் இருக்கும். நான் போகிக்கு வீடு துடைக்கும் அன்று ஒருமுறையும், ஐப்பசி மழையில் சோலாரை விட்டுக் கீசருக்கு மாறும்போது ஒருமுறையும் கட்டாயம் செய்கிறேன்.

கேள்வி: வால்வு வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பித்தளை, கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) கேட் வால்வுகளிலும் ஒருவழி வால்வுகளிலும் ஐ.எஸ். 778 என்ற இந்தியத் தர முத்திரையும், கீசரில் ஐ.எஸ். 2082 என்ற முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு வால்வுகளில் இலேசாக இருப்பது மெலிந்த வார்ப்பு.

கேள்வி: சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாயையும் மாற்ற வேண்டுமா?

பதில்: காலையில் முதல் செம்புத் தண்ணீர் செம்மண் நிறமாக வந்தால் ஆம். சுடுதண்ணீருக்கு வெள்ளை பி.வி.சி. வேண்டாம், சூட்டில் தொய்ந்து இணைப்பு விடும். சுடுதண்ணீருக்கென்றே வரும் சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் குழாய் 93 டிகிரி வரை தாங்கும். அதை ஒட்டும் பசைக்குப் போதிய நேரம் காயவிட்ட பின்னரே தண்ணீரைத் திறக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறாள். அங்கே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்று மட்டும் சூடாகவில்லை. இந்த முறைகள் அங்கும் பொருந்துமா?

பதில்: தொட்டுப் பார்த்துப் பழுதைத் தேடும் முறை பொருந்தும். அங்கே பெரும்பாலான ரேடியேட்டர்களில் அறையின் வெப்பத்தை உணர்ந்து தானே திறந்து மூடும் வால்வு இருக்கும். கோடை முழுவதும் மூடியே கிடந்தால் அதன் உள்ளிருக்கும் சிறு ஊசி ஒட்டிக்கொள்ளும். மற்ற ரேடியேட்டர்கள் சூடாக, ஒன்று மட்டும் குளிர்ந்திருப்பதே அதன் அடையாளம். தலைப்பகுதியின் வளையத்தைத் திருகிக் கழற்றினால் ஊசி தெரியும். அதைத் தட்டையான ஒரு பொருளால் மெல்ல அழுத்தி விட்டால் மேலே எழும்ப வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது. ஊசி கையோடு வந்தால் தண்ணீர் பீறிடும். பாய்லரின் எரிவாயு தொடர்பான எதையும் அங்கே கேஸ் சேஃப் என்னும் எரிவாயுத் தொழிலாளர் பதிவேட்டில் உள்ளவர்தான் தொட வேண்டும், அது அந்நாட்டுச் சட்டம். ஆகவே மகளிடம் ஊசி வரைக்கும் சொல்லுங்கள், அதற்குமேல் ஆளை அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாற்றிய பழைய வால்வை என்ன செய்வது?

பதில்: முதலில், அதைப் பிளம்பரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். வாய் வழியே உள்ளே பார்த்தால் பழுது உப்பாலா, துருவாலா, உடைந்த தண்டாலா என்று தெரியும். அடுத்த வால்வுக்கு என்ன வரப்போகிறது என்பதும் அதிலிருந்தே தெரியும். சக்கரம் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பழைய வால்வுகளில் முதலில் தொலைவது அதுதான். மீதியைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது, இரும்பு நிப்பிளைத் திருகி எடுத்துவிட்டுப் பித்தளையைத் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். சேர்த்துப் போட்டால் இரும்பு விலையைத்தான் தருவார்கள்.